கனகராயன் ஆற்றங்கரையைப் பழைய வரைபடங்களில் வாசிப்பது எப்படி

கிளிநொச்சி நகரை 1900ஆம் ஆண்டுக்கு முந்திய வரைபடங்களில் தேடுபவருக்கு அது அகப்படாது. இன்று ஏ9 வீதியின் இரு மருங்கும் வங்கிகளும் கடைகளும் அரச அலுவலகங்களும் நெருங்கி நிற்கும் பகுதி அக்காலத்தில் பெரும்பாலும் காடாகவே இருந்தது. அதற்குக் கிழக்கே, வவுனியாப் பக்கத்தில் உற்பத்தியாகும் கனகராயன் ஆறு, சுண்டிக்குளம் கடனீரேரியை நோக்கி வடக்கே ஓடிக்கொண்டிருந்தது. 1902இல் அந்த ஆற்றை மறித்து இரணைமடுக் குளத்தைக் கட்டும் வேலை தொடங்கியது; அந்த வேலைக்கு வந்தவர்களின் குடியிருப்பிலிருந்தே நகர் வளர்ந்தது. 1905இல் வடக்குப் புகையிரதப் பாதையும் காங்கேசன்துறை வரை முழுமையடைந்தது. குளமும் தண்டவாளமும் வந்து ஒரு நூற்றாண்டு நிறைவதற்குள், காட்டாற்றின் கரையில் இருந்த நிலப்பகுதி ஒரு மாவட்டத்தின் தலைநகராகிவிட்டது.

இந்த மாற்றத்தின் ஒவ்வொரு படியையும் வரைபடங்களில் பின்தொடரலாம். அதற்குப் பட்டப்படிப்புத் தேவையில்லை, ஆனால் ஓர் ஒழுங்கு தேவை. பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வேறுபாடு தெரிந்த இடத்திலெல்லாம் ஊர் மாறிவிட்டது என்று முடிவுகட்டுவதுதான் புதிதாகப் பழகுபவர் வழக்கமாகச் செய்வது. உண்மையில் இரண்டு படங்களுக்கு இடையே தெரியும் வேறுபாட்டுக்கு மூன்று விதமான காரணங்கள் இருக்கலாம். நிலமே மாறியிருக்கலாம். நிலம் அப்படியே இருக்க, நில அளவை மட்டும் திருந்தியிருக்கலாம். நிலமும் அளவையும் மாறாதிருக்க, படத்தை வரைவித்தவர் எதைக் காட்ட விரும்பினாரோ அது மாறியிருக்கலாம். பழைய வரைபடங்களை வாசிக்கும் கலை முழுவதும் இம்மூன்றையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிவதில்தான் தங்கியிருக்கிறது; மற்றவை எல்லாம் அதற்கான கருவிகள்.

மூன்றாவது காரணத்துக்கு ஒல்லாந்தர் காலத்துப் படங்கள் நல்ல சான்று. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கரையோரத்தையும் கோட்டைகளையும் இறங்குதுறைகளையும் கவனமாக வரைந்தார்கள். யாழ்ப்பாணத்துக்குத் தெற்கேயுள்ள வன்னியின் உட்பகுதியோ அவர்களுடைய படங்களில் மரங்களைக் குறிக்கும் சிறு கீறல்களும் பற்றுகள் எனப்படும் சில நிர்வாகப் பிரிவுகளின் பெயர்களுமாகவே கிடக்கும். பனங்காமம், முள்ளியவளை, கரிக்கட்டுமூலை முதலான பற்றுகளின் வன்னியர் என்ற குறுநிலத் தலைவர்களிடமிருந்து யானைகளைத் திறையாகப் பெறுவதே அவர்களுக்கு முதன்மையான அக்கறையாக இருந்தது. அதற்கு ஆற்றின் ஒவ்வொரு வளைவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆகவே அத்தகைய படமொன்றின் வெற்றிடத்தைப் பார்த்து அங்கே மக்கள் இருக்கவில்லை என்று எழுதுவது பிழை. அந்த வெற்றிடம் அளவையாளரின் கால் எங்கே நின்றுவிட்டது என்பதையே சொல்கிறது.

ஓர் அங்குலப் படம்

பிரித்தானியர் 1800ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் திகதி நில அளவைத் திணைக்களத்தை நிறுவினார்கள். அதன் தொடக்ககால வேலைகளில் பெரும்பகுதி அரச காணிகளையும் வீதிகளையும் பற்றியதாக இருந்தது. இலங்கை முழுவதையும் ஒரே முறையில், ஒரே அளவுத்திட்டத்தில் காட்டும் இடவிளக்கப்படங்களுக்கான (மேடு பள்ளம், ஆறு, வீதி, ஊர் ஆகியவற்றைக் காட்டும் படங்களுக்கான) அளவை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் தொடங்கி, 20ஆம் நூற்றாண்டின் முதற்காற்பகுதிக்குள் நிறைவெய்தியது. நிலத்தில் ஒரு மைல் தூரத்தைத் தாளில் ஓர் அங்குலமாகக் காட்டும் இந்தத் தொடர் 72 தாள்களைக் கொண்டது. பாடசாலையில் புவியியல் படித்த பலருக்கு ஓர் அங்குலப் படம் என்ற பெயர் இன்னும் நினைவிருக்கும். வன்னி ஆற்றங்கரை ஒன்றின் வரலாற்றைத் தேடும் ஒருவருக்கு முதல் திடமான அடித்தளம் இந்தத் தொடர்தான்.

தாள் கையில் கிடைத்ததும் கண் தன் ஊரைத் தேடி ஓடும். அதை அடக்கிக்கொண்டு முதலில் ஓரத்தை வாசிக்க வேண்டும். தாளின் விளிம்பில் அளவை செய்த ஆண்டு, வெளியிட்ட ஆண்டு, திருத்திய ஆண்டு என்று வெவ்வேறு ஆண்டுகள் இருக்கும். இவற்றுக்கிடையே பல ஆண்டு இடைவெளி இருப்பது வழமை. சில தாள்களில் வீதிகள் மட்டும் பிந்திய ஆண்டில் திருத்தப்பட்டிருக்கும், குளங்களும் காடும் பழைய அளவையிலேயே இருக்கும். அப்படியான ஒரு தாள் உண்மையில் இரண்டு காலங்களை ஒரே தாளில் ஒட்டிவைத்திருக்கிறது. வெளியீட்டு ஆண்டை மட்டும் பார்த்து, அந்த ஆண்டில் ஆற்றங்கரை இப்படித்தான் இருந்தது என்று எழுதினால், பத்து இருபது ஆண்டுகள் தவறிப்போகலாம்.

அடுத்தது அளவுத்திட்டம். ஒரு மைலில் 63,360 அங்குலங்கள் உள்ளன. எனவே ஓர் அங்குலப் படத்தின் அளவுத்திட்டம் 1:63,360. பின்னர் வந்த மெற்றிக் தொடர் 1:50,000 என்ற அளவுத்திட்டத்தில் அமைந்தது. பழைய தாளில் ஒரு சென்ரிமீற்றர் நிலத்தில் ஏறக்குறைய 634 மீற்றரையும், புதிய தாளில் ஒரு சென்ரிமீற்றர் சரியாக 500 மீற்றரையும் குறிக்கும். இதை மறந்து இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், புதிய தாளில் எல்லா ஊரும் பருத்துவிட்டதாகவும் குளமெல்லாம் பெருகிவிட்டதாகவும் தோன்றும்.

கோட்டின் தடிப்பும் இப்படித்தான் ஏமாற்றும். பழைய தாளில் ஒரு மில்லிமீற்றர் தடிப்பான கோடு நிலத்தில் 63 மீற்றர் அகலத்துக்குச் சமம். அக்காலத்து எந்த வன்னி வீதியும் அந்த அகலத்தில் இருந்ததில்லை. கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே வீதி தடிப்பாக வரையப்பட்டது. ஆற்றுக்கும் இது பொருந்தும். ஆறு ஒற்றைக் கோடாக வரையப்பட்டிருந்தால் அந்தக் கோட்டின் தடிப்பிலிருந்து அகலத்தை அளக்க முடியாது. இரட்டைக் கோடாக, இரண்டு கரைகளையும் தனித்தனியே காட்டி வரைந்திருந்தால் மட்டுமே அகலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கலாம். ஒற்றைக் கோடு எந்த இடத்தில் இரட்டைக் கோடாகப் பிரிகிறது என்று பார்ப்பது நல்ல பழக்கம். அந்த இடத்துக்குக் கீழே ஆறு அகன்று பரவுகிறது என்று அளவையாளர் கண்டிருக்கிறார்.

மழைக்கு முன்னும் பின்னும்

வன்னி ஆறுகளுக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. இவை ஆண்டு முழுவதும் ஓடும் ஆறுகள் அல்ல. ஒக்ரோபர் முதல் ஜனவரி வரையான வடகீழ்ப் பருவமழையில் கரைபுரளும் கனகராயன் ஆறு, ஆகஸ்டில் மணற்படுகையும் அங்கங்கே தேங்கிய மடுக்களுமாகக் கிடக்கும். ஆடி ஆவணியில் நடந்த அளவையும் மார்கழியில் நடந்த அளவையும் ஒரே ஆற்றை இரண்டு ஆறுகளாகக் காட்டக்கூடும். குளங்களுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். குளத்தின் அலைகரை ஒவ்வொரு மாதமும் நகர்வது. ஆகவே நல்ல படங்களில் குளத்தின் எல்லை, அன்றைக்கு நின்ற நீரின் விளிம்பைக் கொண்டு வரையப்படாமல், குளம் நிரம்பி மேலதிக நீர் வழிந்தோடும், அதாவது வான் பாயும், மட்டத்தைக் கொண்டு வரையப்படும். விமானத்திலிருந்து எடுத்த வான்படத்திலோ செய்மதிப் படத்திலோ அந்த வசதி இல்லை. கமெரா எடுத்த நாளில் நீர் எங்கே நின்றதோ அதுதான் படம். செப்டெம்பர் மாதத்துப் படத்தையும் பெப்ரவரி மாதத்துப் படத்தையும் ஒப்பிட்டுக் குளம் வற்றிவிட்டது என்று கவலைப்படுபவர்களை இன்றும் காண்கிறோம்.

இனி இரணைமடுவைப் பார்ப்போம். 1920ஆம் ஆண்டளவில் கட்டுமானம் நிறைவடைந்தபோது குளத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 40,000 ஏக்கர் அடி. ஒரு ஏக்கர் பரப்பில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் நீர் ஓர் ஏக்கர் அடி. பிற்காலத்தில் கட்டு பலமுறை உயர்த்தப்பட்டு, 1970களில் கொள்ளளவு 1,00,000 ஏக்கர் அடியைத் தாண்டியது. எனவே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத் தாள் ஒன்றிலும் நூற்றாண்டின் இறுதியில் வந்த தாள் ஒன்றிலும் குளத்தின் உருவம் வேறுபட்டால், அதற்கு முதற்காரணம் அளவைப் பிழை அல்ல, பருவமும் அல்ல. நிலமே மாறியிருக்கிறது. கட்டு உயர்ந்ததும் நீர் தெற்கே, ஆற்றுக்கு எதிர்த்திசையில், தாழ்ந்த ஓடைகளின் வழியே விரல்களைப் போல நீண்டு காட்டுக்குள் புகுந்தது. வடக்கே கட்டு நிற்கும் விளிம்பு பெரிதும் மாறாமல் இருக்க, தெற்கே அலைகரை மட்டும் பின்னோக்கி நகர்ந்திருப்பதைக் கண்டால், கட்டு உயர்த்தப்பட்ட குளம் ஒன்றைப் பார்க்கிறோம் என்று துணியலாம். எந்தக் குளத்துக்கும் இதே சோதனையைச் செய்து பார்க்கலாம்.

குளத்துக்குக் கீழே கதை வேறுவிதமானது. அணைக்குக் கீழ்ப்பட்ட ஆறு தன் பழைய வெள்ளத்தைப் பெரும்பாலான ஆண்டுகளில் இழந்துவிடுகிறது. நீர் துருசு எனப்படும் மதகு வழியாக வாய்க்கால்களுக்குப் போகிறது. ஆற்றுக்கு எஞ்சுவது வான் பாயும் நீரும் வயல்களிலிருந்து வடியும் கழிவு நீரும்தான். நீர் குறைந்த ஆற்றின் படுகை மெல்ல ஒடுங்கும், கரையோரத் தாழ்நிலத்தில் புல்லும் பற்றையும் ஏறும், அதன்பின் மனிதர் ஏறுவார்கள். முதலில் தோட்டம், பிறகு கொட்டில், பிறகு கல்வீடு. 2018 டிசம்பர் மாதத்தின் பிற்பகுதியில் கொட்டிய மழையில் குளம் நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட்டபோது, கரைச்சி, கண்டாவளைப் பிரதேசங்களின் தாழ்ந்த ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. அத்தகைய வெள்ளம் எதுவரை வரும் என்ற கேள்விக்கு இன்றைய வீதிப் படம் பதில் தராது. அதில் ஆறு ஒரு மெல்லிய நீலக் கோடு. அணை கட்டப்படுவதற்கு முந்திய நிலையை அல்லது அதற்கு மிக அண்மித்த நிலையைக் காட்டும் தாளில், ஆற்றின் இரு மருங்கும் இடப்பட்டிருக்கும் சதுப்புக் குறிகளையும், கரையோரத் திறந்த நிலத்தின் விளிம்பையும், ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகள் ஆற்றை விட்டு எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். ஆற்றுக்குரிய நிலம் எது என்பதை அந்த மூன்றும் சேர்ந்து ஓரளவு நம்பகமாகச் சொல்லும்.

ஆறும் வாய்க்காலும்

புதிதாகப் படம் வாசிப்பவர் ஆற்றையும் வாய்க்காலையும் குழப்பிக்கொள்வது உண்டு, இரண்டும் நீல நிறம் என்பதால். வேறுபாட்டை அறிய நிறத்தை விட்டுவிட்டுச் சமவுயரக் கோடுகளைப் பார்க்க வேண்டும். ஆறு மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்குவதால் சமவுயரக் கோடுகளை வெட்டிக்கொண்டு போகும். பிரதான வாய்க்கால் தன் உயரத்தை இழக்காமல் நீரை எட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருப்பதால், ஏறக்குறைய ஒரே சமவுயரக் கோட்டைத் தழுவியபடி நெளிந்து போகும். இரணைமடுவிலிருந்து புறப்படும் இடதுகரை வாய்க்காலும் வலதுகரை வாய்க்காலும் இவ்வாறே ஆற்றின் இருபுறமும் உயர்ந்த விளிம்புகளில் செல்கின்றன. வயல்கள் வாய்க்காலுக்கும் ஆற்றுக்கும் இடையிலுள்ள சரிவில் அமைந்தன. வாய்க்காலுக்கு மேலே நீர் ஏறாது. அங்கேதான் மேட்டுக்காணிகளும் வீடுகளும்.

இந்த ஒரு விதி தெரிந்தால் குடியேற்றத் திட்டங்களின் படம் தானாக விளங்கிவிடும். 1930களில் தொடங்கிய கிளிநொச்சிக் குடியேற்றத்தில், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் காணி பெற்ற குடும்பத்துக்கு வயலில் ஒரு துண்டும் மேட்டில் ஒரு துண்டும் கிடைத்தன. ஆகவே அக்காலத்துக்குப் பிந்திய படங்களில் நேர்கோட்டில் வெட்டிய வீதிகளும், சீப்பின் பற்களாய் வாய்க்காலிலிருந்து பிரியும் கிளைகளும், ஒரே அளவான காணித்துண்டுகளும் திடீரென்று தோன்றுகின்றன. உருத்திரபுரத்தில் எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்று மக்கள் இன்றும் முகவரி சொல்வது இந்தப் படத்திலிருந்து இறங்கி வந்த வழக்குத்தான். இதற்கு மாறாக, பழைய வன்னிக் கிராமம் ஒரு சிறு குளத்தின் கட்டுக்குக் கீழே, வளைந்த ஒழுங்கைகளோடும் ஒழுங்கற்ற காணி எல்லைகளோடும் இருக்கும். ஒரே தாளில் இவ்விரு வடிவங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், எது முந்தியது என்று ஆண்டைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

ஓர் அங்குலப் படங்களில் வன்னியெங்கும் கைவிடப்பட்ட குளம் என்ற குறிப்பு அடிக்கடி வரும். கட்டு உடைந்து காடு மூடிய குளங்கள் அவை. அப்படியொரு குறிப்பு இருந்த இடத்தில் பிந்திய தாளில் நீர் நிறைந்த குளமும் வயலும் இருந்தால், அது புதிதாக உருவான ஊராக இல்லாமல் திரும்பி வந்த ஊராக இருக்கக்கூடும். நகரப்புறத்தைப் பார்க்கும்போது இவற்றைக் கவனிக்காமல் விடுகிறோம். நகரின் வடிகால்கள் பல இத்தகைய பழைய சிறு குளங்களின் வழியில்தான் அமைந்திருக்கின்றன.

1956இன் வான்படங்கள்

பழைய வரைபடக் கண்காட்சி என்றால் ஒல்லாந்தர் காலத்து வண்ணப் படங்களைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும். ஆனால் வன்னியைப் பொறுத்தவரை, 1956இல் எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளை வான்படங்களே அவற்றைவிடப் பெறுமதியானவை என்பது என் எண்ணம். ஆசிய நாடுகளுக்கான உதவித் திட்டமாகிய கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவின் உதவியோடு, காடுகளை மதிப்பிடும் நோக்கில், இலங்கை முழுவதும் 1:40,000 அளவுத்திட்டத்தில் அவை எடுக்கப்பட்டன. வரைபடத்தை வரைந்தவர் தனக்கு வேண்டியதைத் தெரிந்தெடுத்து வரைகிறார். வான்படமோ தெரிந்தெடுப்பதில்லை. அளவையாளர் முக்கியமற்றது என்று விட்டுவிட்ட வண்டிப்பாதை, சேனை வெட்டிய திட்டு, ஆற்றோரத்து மருதமர வரிசை, உடைந்த குளக்கட்டு எல்லாம் அதில் விழுந்திருக்கும்.

அதை வாசிக்கவும் பழக வேண்டும். இந்தப் படங்களில் நீர் பெரும்பாலும் கருமையாகத் தெரியும். சூரிய ஒளி நேரே எறித்து மீண்டால் மட்டும் வெள்ளையாகப் பளிச்சிடும். உலர்ந்த மணல் வெண்மையாக இருக்கும். ஆகவே கோடையில் எடுத்த படத்தில் கனகராயன் ஆறு போன்ற ஓர் ஆறு, நடுவே வெள்ளை நாடாவாகவும் அதன் இருபுறமும் கரைமரங்களின் கரும் விளிம்பாகவும் தோன்றும். உடைந்த குளத்தின் கட்டு, மரங்கள் வளர்ந்த ஒரு மெல்லிய வளைகோடாகவும், அதன் நடுவே நீர் உடைத்துக்கொண்டு போன இடைவெளியாகவும் தெரியும். வளைகோட்டின் உட்பக்கத்து மண் வண்டல் படிந்து ஈரம் தங்குவதால் சுற்றியுள்ள நிலத்தைவிடச் சற்றுக் கருமையாக இருக்கும். அடுத்தடுத்த இரண்டு படங்கள் பாதிக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று கவிந்து எடுக்கப்பட்டவை என்பதால், இரட்டைக் கண்ணாடிக் கருவியொன்றின் கீழ் வைத்துப் பார்த்தால் கட்டு மேலெழுந்தும் படுகை தாழ்ந்தும் காட்சி தரும்.

செய்மதிப் படங்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லான்ட்சாற் செய்மதித் தொடர் 1972இல் தொடங்கியது. 1982க்குப் பின் அதன் ஒரு புள்ளி நிலத்தில் 30 மீற்றர் சதுரத்தைக் காட்டியது. அந்தப் புள்ளியில் வீடு தெரியாது, ஆனால் காடு எப்போது வயலானது என்பது தெரியும். 2008 முதல் இந்தப் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 2015 முதல் வரும் சென்ரினல்-2 செய்மதிப் படங்களின் புள்ளி 10 மீற்றர். கூகுள் ஏர்த் செயலியில் காலத்தைப் பின்னோக்கி நகர்த்திப் பார்க்கும் வசதி கணினியுள்ள எவருக்கும் எட்டக்கூடியது. ஆற்றில் மணல் அகழ்ந்த குழிகளையும் கரை அரிக்கப்பட்ட இடங்களையும் ஆண்டுக்காண்டு பின்தொடர இதைவிட எளிய வழி இல்லை.

ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தல்

பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது தொடக்கத்துக்குப் போதும். ஆனால் ஆற்றின் கரை எத்தனை மீற்றர் நகர்ந்தது என்பது போன்ற கேள்விக்கு ஒரு படத்தை இன்னொன்றின்மேல் பொருத்த வேண்டும். பழைய தாளை ஸ்கான் செய்து, கியூஜிஐஎஸ் போன்ற இலவச மென்பொருளில், இரண்டு படங்களிலும் ஐயமின்றி ஒரே இடமாக உள்ள புள்ளிகளைத் தொட்டுக்காட்டினால், மென்பொருள் பழைய தாளை இழுத்தும் சுழற்றியும் இன்றைய படத்தின்மேல் இருத்தும். முழு வேலையின் தரமும் அந்தப் புள்ளிகளைத் தெரிவதில் உள்ளது.

வன்னியில் இது மற்ற இடங்களைவிடக் கடினம். கோயில்கள் இடம்விட்டுக் கட்டப்பட்டிருக்கின்றன. சந்திகள் அகலிக்கப்பட்டு நகர்ந்திருக்கின்றன. பாடசாலைக் கட்டடங்கள் போரில் அழிந்து வேறோர் மூலையில் எழுந்திருக்கின்றன. ஆற்றின் வளைவைப் புள்ளியாகக் கொள்ளவே கூடாது. ஆறு நகர்ந்ததா என்று அறிய வந்தவர் ஆறு நகரவில்லை என்று முதலிலேயே தீர்மானித்ததாகிவிடும். குளக்கட்டின் முனைகள், துருசுகள், புகையிரதப் பாதை வீதியைக் கடக்கும் இடங்கள் ஆகியவை நம்பத்தக்கவை. மைற்கற்களும் உதவும். ஏ9 வீதி கண்டியிலிருந்து அளக்கப்படுவது. கிளிநொச்சியில் 155ஆம் கட்டை என்று இன்றும் வழங்கும் இடம் பழைய தாள்களின் மைல் எண்ணோடு இணைத்துப் பார்க்கத்தக்கது. 155 மைல் என்பது 249 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். ஆயினும் கல்லை நாட்டியவர் பிறகு பெயர்த்தும் நாட்டியிருக்கலாம் என்பதால், கட்டையைத் துணைச் சான்றாக மட்டும் கொள்வது நல்லது.

புள்ளிகள் நான்கு இருந்தால் வேலை நடக்கும். பத்து இருந்து, அவை தாள் முழுவதும் பரவியிருந்தால் நம்பிக்கை பிறக்கும். பொருத்தி முடித்ததும் மென்பொருள் எஞ்சிய பிழையின் அளவைச் சொல்லும். அது 40 மீற்றர் என்றால், ஆற்றங்கரை 25 மீற்றர் நகர்ந்ததாகத் தெரிவதை நகர்வு என்று எழுதக் கூடாது. இந்த எல்லையைக் கடைப்பிடிக்காததால் எத்தனையோ கட்டுரைகள் நகராத ஆறுகளை நகர்த்தியிருக்கின்றன.

படத்தில் இருப்பதும் நிலத்தில் இருப்பதும்

வன்னியின் புகையிரதப் பாதை ஒரு பாடநூல் உதாரணம். 1990இல் வவுனியாவுக்கு வடக்கே சேவை நின்றது. அதன்பின் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்த்தெடுக்கப்பட்டன. ஆனால் அச்சில் இருந்த தாள்களிலெல்லாம் அந்தப் பாதை தொடர்ந்து ஓடியது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் ரயில் திரும்பியது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் படத்தில் இருந்தது நிலத்தில் இல்லை. களத்துக்குச் சென்று சரிபார்க்க இயலாத காலங்களில் தாள்கள் பழைய தரவுகளைக் கொண்டே மறுபதிப்பாகும். அதை ஓரக் குறிப்புத்தான் காட்டிக்கொடுக்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு, அதுவே அதிகம் கவனிக்கப்படாதது. நிலத்தில் இருந்தும் படத்தில் ஏறாதவர்கள் இருக்கிறார்கள். 1977, 1983 வன்செயல்களை அடுத்து மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியமர்ந்த குடும்பங்களில் பலர் பேர்மிட் (அரச காணி அனுமதிப்பத்திரம்) இல்லாத காணிகளிலேயே நீண்டகாலம் வாழ்ந்தார்கள். குடியேற்றத் திட்டத்தின் காணிப்படத்தில் இலக்கமிட்ட துண்டுகள் இருக்கும். திட்டத்துக்கு வெளியே, வாய்க்கால் ஓரத்திலும் ஆற்றோரத்திலும் இருந்த வீடுகளுக்கு இலக்கம் இருக்காது. இடவிளக்கப்படத்தில் அவை காடு அல்லது பற்றை என்ற நிறத்துக்குள் மூழ்கிவிடும். அந்த நிறத்தை நம்பி இங்கே 1990க்கு முன் யாரும் இருக்கவில்லை என்று ஒருவர் வாதிட்டால், அதே காலத்து வான்படத்தையோ செய்மதிப் படத்தையோ கேட்டு வாங்க வேண்டும். வாக்காளர் இடாப்பும் பாடசாலை வரவுப் பதிவும் கூட இந்த இடத்தில் வரைபடத்தைவிட உறுதியான சாட்சிகளாகலாம்.

போருக்குப் பிந்திய உயர்தெளிவுச் செய்மதிப் படங்களை வாசிப்பதற்கு ஒரு குறிப்பு. கூரையுள்ள வீடு மேலிருந்து பார்க்கும்போது ஒரே நிறமான செவ்வகமாகத் தெரியும். கூரை போன வீடு சுவர்களின் மெல்லிய கோடுகளாலான கட்டங்களாகத் தெரியும், அறைகளையே எண்ணலாம். சுவரும் விழுந்து பற்றை மூடிவிட்டால், கிணற்றின் சிறு வட்டமும் முற்றத்துத் தென்னைகளின் நட்சத்திர வடிவமும் எஞ்சும். காடாகத் தெரியும் ஓரிடத்தில் ஒழுங்கான இடைவெளியில் தென்னைகள் நின்றால், அது குடியிருப்பாக இருந்த காணி என்று கொள்வதில் பிழை வராது.

இவற்றைத் தேடிப் பெறுவது பற்றியும் சொல்ல வேண்டும். இடவிளக்கப்படங்களையும் பழைய வான்படங்களின் பிரதிகளையும் நில அளவைத் திணைக்களத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்திப் பெறலாம். காணித்துண்டு அளவிலான விபரம் வேண்டுமென்றால் கிராமத்தின் காணித்துண்டுகளை இலக்கமிட்டுக் காட்டும் இறுதிக் கிராம வரைபடத்தையோ குடியேற்றத் திட்டத்தின் காணிப்படத்தையோ அதன் இலக்கத்தோடு கேட்க வேண்டும். பேர்மிட்டிலோ காணி உறுதியிலோ அந்த இலக்கம் எழுதப்பட்டிருக்கும். அக்காணிப்படங்களில் தூரம் சங்கிலியிலும், பரப்பு ஏக்கர், ரூட், பேர்ச்சிலும் இருக்கும். ஒரு சங்கிலி 66 அடி, ஒரு ஏக்கர் 4 ரூட், ஒரு ரூட் 40 பேர்ச். தேடும்போது மாவட்டத்தின் பெயரில் கவனம் தேவை. கிளிநொச்சி 1984இல்தான் தனி மாவட்டமானது; அதற்கு முந்திய ஆவணங்கள் யாழ்ப்பாண மாவட்டத்தின் கீழ்க் கரைச்சி, பூநகரி என்ற பெயர்களில் கிடக்கும். கிளிநொச்சி என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு ஒன்றும் இல்லையாம் என்று திரும்பி வருபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். இடம்பெயர்வில் பேர்மிட் தொலைந்திருந்தால், காணித்துண்டு இலக்கம் பிரதேச செயலகத்தின் காணிப் பதிவேட்டில் இருக்கக்கூடும். அதுவும் கிடைக்காவிட்டால், பக்கத்துக் காணிக்காரரின் பேர்மிட்டிலுள்ள எல்லை விபரத்தில் தொலைந்த காணியின் இலக்கமோ உரிமையாளர் பெயரோ குறிக்கப்பட்டிருக்கும். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு படத்துக்குப் போகலாம்.